உழவுச்சாலில் தோன்றிய ஒளிக்கோடு

(பத்தாம் வகுப்பு மாணவி)

உலகில் தோன்றி மறைந்த அறிஞர் பலர். அவர்களுள் எடிசனையும் மார்க்கோனியையும் நாம் சிறு வகுப்பிலிருந்தே அறிவோம். ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் நாம் பார்க்கும் திரைக்கு வழி கண்டவர் ஓர் உழவர் வீட்டுச் சிறுவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் ஃபைலோ டெய்லர் ஃபார்ன்ஸ்வொர்த். நாங்கள் சென்ற ஆண்டு வரை அதைக் கேட்டதில்லை. அவரை எங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது ஒரு பழைய மானிட்டர்!

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், பள்ளியின் சாமான் அறையைத் துப்புரவு செய்யும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்தது. உடைந்த பெஞ்சுகளுக்கும் பழைய வரைபடங்களுக்கும் பின்னால், பின்புறம் பானை வயிறு போலப் புடைத்த மானிட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. இருவர் சேர்ந்துதான் அதைத் தூக்க முடிந்தது. எங்கள் ஆவலைக் கண்ட கணினி ஆசிரியை, அதைக் கணினி அறையில் உள்ள புதிய கணினி ஒன்றுடன் இணைத்துப் பார்க்க அனுமதித்தார். முதலில் சில எழுத்துகள் தெரிந்தன. நாங்கள் கைதட்டினோம். ஆனால் படம் வரவேண்டிய நேரத்தில் திரை இருண்டது. வந்த சைகை தனக்கு ஏற்றதன்று என்னும் பொருளில் ஒரு சிறு வரி மட்டும் அங்குமிங்கும் நகர்ந்தது.

மானிட்டர் கெட்டுவிட்டது என்றே நாங்கள் எண்ணினோம். ஆசிரியையோ கணினியை வேறொரு தட்டைத் திரையில் இணைத்து, படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். பிறகு பழைய மானிட்டரை மீண்டும் மாட்டினார். என்ன வியப்பு! படம் பளிச்சென்று வந்தது. கணினியும் நன்றாக இருக்கிறது, மானிட்டரும் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் ஒன்றை மற்றொன்று ஏற்க மறுத்தது? இதை நாங்கள் கேட்டபோது, திரையில் முதல் கோட்டை வரைந்தவர் யார் என்று தேடிப் படித்து வருமாறு ஆசிரியை சொல்லிவிட்டார். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீவர் என்னும் ஊருக்கு அருகே, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு வீடு ஒன்றில், 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் ஃபைலோ பிறந்தார். தந்தையார் லூயிஸ், தாயார் செரினா. உழவுதான் குடும்பத் தொழில். ஐந்து குழந்தைகளில் மூத்தவர் ஃபைலோ. எனவே மாடு, குதிரை, காடு, கழனி என்று எல்லா வேலைக்கும் சிறு வயதிலேயே தோள் கொடுக்க வேண்டியவரானார். வீட்டில் மூத்த பெண்ணாய்ப் பிறந்த எங்கள் தோழியருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1918-ஆம் ஆண்டு குடும்பம் ஐடஹோ மாநிலத்தில் ரிக்பி என்னும் ஊருக்கு அருகே உறவினர் ஒருவரின் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அந்தப் பண்ணை வீட்டில் மின்சாரம் இருந்தது! சிறிய ஜெனரேட்டர் ஒன்று விளக்குகளையும் பண்ணைக் கருவிகளையும் இயக்கியது. ஃபைலோ அதுவரை இப்படியொன்றைக் கண்டதில்லை. ஜெனரேட்டர் அடிக்கடி நின்றுவிடும். அதைப் பழுது பார்ப்பவரின் அருகில் நின்று கூர்ந்து கவனித்த அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவர், சில நாளில் தாமே அதைச் செப்பனிடத் தொடங்கிவிட்டார்.

வீட்டு மச்சில் யாரோ விட்டுச் சென்ற அறிவியல் இதழ்கள் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. அவையே அவருக்கு நூலகமாயின. விடியுமுன் எழுந்து அவற்றைப் படித்துவிட்டுத்தான் காட்டு வேலைக்குப் போவார். எரிந்துபோன மோட்டார் ஒன்றுக்குத் தம் கையாலேயே கம்பி சுற்றி, தாயார் கையால் சுழற்றிவந்த துணி துவைக்கும் இயந்திரத்தில் பொருத்தினார். தாயின் தோள் வலி குறைந்தது. மோட்டார் வண்டியைத் திருடர் ஓட்டிச் செல்ல முடியாதபடி காந்தத்தால் இயங்கும் பூட்டு ஒன்றைச் சிந்தித்து எழுதி, இதழ் ஒன்று நடத்திய போட்டியில் 25 டாலர் பரிசும் பெற்றார்.

உழவுச்சால் சொன்ன பாடம்

அக்காலத்தில் படத்தைத் தொலைவுக்கு அனுப்ப அறிஞர் பலர் முயன்றுகொண்டிருந்தனர். 1884-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த பால் நிப்கோ, துளைகள் இட்ட வட்டத் தகட்டைச் சுழற்றிப் படத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம் என்று காட்டியிருந்தார். பின்னாளில், 1926-இல், இலண்டனில் ஜான் லோகி பெயர்டு இத்தகைய தகட்டைக் கொண்டே தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். ஆனால் தகடு எவ்வளவு வேகமாகத்தான் சுழலும்? தெளிவான படத்துக்கு வேண்டிய வேகத்தை இரும்பும் சக்கரமும் தர இயலாது என்பதை மச்சில் படித்த இதழ்களிலிருந்தே ஃபைலோ உணர்ந்துவிட்டார். எடையே இல்லாதது போன்ற எலெக்ட்ரான்களால்தான் அது முடியும் என்று அவர் மனம் சொன்னது. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

1921-ஆம் ஆண்டுக் கோடைக் காலம். அவருக்கு வயது பதினான்கு. உருளைக்கிழங்குக் காட்டில் குதிரை பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு முனையில் நின்று திரும்பிப் பார்த்தார். ஓட்டிய நிலம் முழுவதும் கோடு கோடாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒழுங்காகக் கிடந்தது. அந்தக் கணத்தில் விடை பிறந்தது! நிலத்தை ஒரே வீச்சில் உழ முடியாது. சால் சாலாகத்தான் உழ வேண்டும். படத்தையும் அப்படியே ஒரே வீச்சில் அனுப்ப வேண்டாம். வரி வரியாக வெட்டி அனுப்பலாம். ஒவ்வொரு வரியிலும் ஒளி மிகுந்த இடத்தில் மின்னோட்டம் கூடும், இருண்ட இடத்தில் குறையும். மறுமுனையில் ஓர் எலெக்ட்ரான் கற்றை அதே வரிகளை அதே வரிசையில் ஒளியால் எழுதும். இது மிக விரைவாக நடந்தால், நம் கண் தனித்தனி வரியைக் காணாது; முழுப் படத்தையே காணும்.

எங்கள் ராசிங்காபுரத்தில் மழை விழுந்ததும் மானாவாரிக் காடுகளில் சால் ஓடும். எத்தனையோ முறை வரப்பில் நின்று அந்தக் கோடுகளைப் பார்த்திருக்கிறோம். கஞ்சி கொண்டு போயிருக்கிறோம், விதை போட்டிருக்கிறோம். ஆனால் அவற்றில் ஒரு திரையைக் கண்டதில்லை. கண்கள் எல்லாருக்கும் உண்டு. மனத்தில் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு பார்ப்பவருக்கே விடை கண்ணில் படும் போலும்!

ஆசிரியர் காத்த காகிதம்

ரிக்பி உயர்நிலைப் பள்ளியில் ஜஸ்டின் டோல்மன் என்பவர் வேதியியல் கற்பித்துவந்தார். மேல் வகுப்புக்குரிய பாடத்தைத் தமக்கும் சொல்லித் தருமாறு ஃபைலோ அவரிடம் வேண்டினார். டோல்மன் தம் ஓய்வு நேரத்தை அந்த மாணவருக்குத் தந்தார். 1922-ஆம் ஆண்டில் ஒருநாள், ஃபைலோ கரும்பலகை நிறையப் படங்களும் கணக்குகளும் எழுதித் தம் எண்ணத்தை ஆசிரியருக்கு விளக்கினார். வேதியியலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று டோல்மன் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையுடன் கேட்டார், கேள்விகள் கேட்டார். ஃபைலோ குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தம் குழாயின் அமைப்பை வரைந்து அவரிடம் கொடுத்தார். ஆசிரியர் அந்தத் தாளை எறியாமல் பத்திரமாக வைத்துக்கொண்டார். அப்போது ஃபைலோவுக்குப் பதினைந்து வயது. இன்று எங்களுக்கு உள்ள அதே வயது!

துன்பமும் முயற்சியும்

குடும்பம் மீண்டும் யூட்டா மாநிலத்துக்கு, பிரோவோ நகருக்குச் சென்றது. 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் தந்தையார் நிமோனியாக் காய்ச்சலால் மறைந்தார். பதினேழு வயதில் குடும்பச் சுமை ஃபைலோவின் தோளில் விழுந்தது. கல்லூரிப் படிப்பு தடைப்பட்டது. கிடைத்த வேலைகளை எல்லாம் செய்தார். தெருக் கூட்டும் வேலையையும் இழிவென்று ஒதுக்கவில்லை. நண்பர் கிளிஃப் கார்ட்னருடன் சேர்ந்து சால்ட் லேக் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்தார். அது நட்டத்தில் முடிந்தது.

எங்கள் வகுப்பில் சிலருடைய தாயார் இருள் பிரியுமுன் ஜீப்பில் ஏறி, போடி மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அந்த ஜீப்பில் தாமும் ஏற வேண்டி வருமோ என்ற கவலை எங்களுள் சிலருக்கு உண்டு. ஃபைலோவின் வாழ்வில் இந்தப் பகுதியைப் படித்த அன்று நாங்கள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. படிப்பு நின்ற பிறகும் அவர் எண்ணம் நிற்கவில்லை என்பது ஆறுதலாக இருந்தது. படிப்பு நிற்காமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்குமே என்றும் தோன்றியது.

1926-ஆம் ஆண்டு, ஜார்ஜ் எவர்சன், லெஸ்லி காரெல் என்னும் இருவரிடம் வேலை செய்தபோது ஃபைலோ தம் கனவைச் சொன்னார். அவர்கள் நம்பினார்கள், 6,000 டாலர் தர முன்வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் கிளிஃப்பின் தங்கை எல்மாவை ஃபைலோ மணந்தார். அவரை எல்லாரும் பெம் என்றே அழைப்பர். மணமக்கள் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டனர். சான் பிரான்சிஸ்கோ நகரில் கிரீன் தெருவில் 202-ஆம் எண் கட்டடத்தில் ஆய்வுக்கூடம் அமைந்தது. கிளிஃப், கண்ணாடி ஊதும் தொழிலைத் தாமே பழகி, யாரும் அதுவரை செய்யாத வடிவில் குழாய்கள் செய்தார். பெம் பொறியியல் படங்கள் வரையக் கற்றார். கணக்கும் குறிப்பும் எழுதினார். ஆய்வுக்கூடத்தில் அவர் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. அவரும் ஓர் உழைப்பாளியே.

1927-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் ஃபைலோ காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், ஓர் அறையில் கருமை பூசிய கண்ணாடியில் ஒரே ஒரு கோடு கீறி, அதைக் கிளிஃப் குழாயின் முன் வைத்தார். அடுத்த அறையில் சிறிய வட்டத் திரையில் அந்தக் கோடு ஒளிர்ந்தது. கிளிஃப் கண்ணாடியைத் திருப்பினார். திரையில் கோடும் திரும்பியது. சுழலும் தகடு எங்கும் இல்லை; படத்தை எடுத்ததும் எலெக்ட்ரான், காட்டியதும் எலெக்ட்ரான். அப்போது ஃபைலோவுக்கு வயது இருபத்தொன்று. சால் ஓட்டிய சிறுவர், திரையில் முதற் சாலை ஓட்டிவிட்டார்!

பணம் கொடுத்தவர்களுக்குப் பொறுமை குறைந்துவந்தது. டாலர்களை எப்போது காண்போம் என்று அவர்கள் கேட்டதற்கு விடையாக, 1928-இல் டாலர் குறியையே திரையில் காட்டினாராம் ஃபைலோ. அதே ஆண்டு ஆய்வுக்கூடத்தில் தீப்பிடித்துக் கருவிகள் அழிந்தன. மனம் தளராமல் மீண்டும் கட்டினார். 1929-இல் பெம்மின் முகம் அத்திரையில் தோன்றியது. மின்னணுத் தொலைக்காட்சியில் முதலில் தெரிந்த மனித முகங்களுள் அதுவும் ஒன்று. கண்களைக் கூசவைக்கும் விளக்குகளின் முன் அமர்ந்ததால், அந்தப் படத்தில் அவர் கண்கள் மூடியிருந்தன.

வழக்கும் வெற்றியும்

1930-இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு, ஆர்.சி.ஏ. என்னும் பெரிய வானொலி நிறுவனத்துக்காக உழைத்த விளாதிமிர் ஸ்வோரிகின் என்ற அறிஞர் ஃபைலோவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துச் சென்றார். மறு ஆண்டு அந்நிறுவனத்தின் தலைவர் டேவிட் சார்னாஃப், ஒரு இலட்சம் டாலருக்கு ஃபைலோவின் உரிமைகளை வாங்கவும் அவரைத் தம் ஊழியராக்கிக்கொள்ளவும் முன்வந்தார். ஃபைலோ மறுத்துவிட்டார். அடுத்து வந்தது வழக்கு. ஸ்வோரிகின் 1923-ஆம் ஆண்டிலேயே விண்ணப்பித்திருந்தார். எனவே கண்டுபிடிப்பு அவருடையதே என்பது அந்நிறுவனத்தின் வாதம்.

இங்கேதான் ரிக்பி ஊர் ஆசிரியர் மீண்டும் வருகிறார். டோல்மன் சாட்சி சொல்ல வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் தம் மாணவர் கரும்பலகையில் வரைந்ததை நினைவிலிருந்து வரைந்து காட்டினார். தாம் காத்துவைத்த குறிப்பேட்டுத் தாளையும் எடுத்துக் கொடுத்தார். காப்புரிமை அலுவலகம் பல சான்றுகளை எடைபோட்டது. ஸ்வோரிகினின் பழைய கருவி உரிமை கோரியபடி இயங்கியது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. 1930-களின் நடுவில் ஃபைலோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1939-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் அவருடைய உரிமைகளைப் பயன்படுத்தப் பத்து இலட்சம் டாலர் தர இசைந்தது.

ஸ்வோரிகினும் பெரிய அறிஞரே என்பதை மறக்கலாகாது. ஃபைலோவின் குழாய்க்கு மிகுந்த ஒளி தேவைப்பட்டது. ஸ்வோரிகினின் குழாய் குறைந்த ஒளியிலும் படம் பிடித்தது. இவர்களுக்கு முன்பே, 1897-இல், ஜெர்மனியின் ஃபெர்டினாண்டு பிரௌன் எலெக்ட்ரான் கற்றையைத் திரையில் விழச் செய்யும் குழாயை அமைத்திருந்தார். ஜப்பானின் கெஞ்சிரோ தக்காயனாகி 1926-இல் அத்தகைய குழாயில் ஒரு ஜப்பானிய எழுத்தைக் காட்டினார். நம் சென்னையில், 1950-ஆம் ஆண்டு தேனாம்பேட்டையில் நடந்த பொருட்காட்சியில், பி. சிவகுமாரன் என்னும் பொறியியல் மாணவர் ஓர் எழுத்தின் உருவத்தைத் திரையில் தோன்றச் செய்தார். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததோ 1975-இல்தான்! ஒரு திரையை ஒளிரச் செய்யப் பல நாட்டுக் கைகள் வேண்டியிருந்தன.

இறுதி நாட்கள்

வெற்றி வந்தும் செல்வம் வந்து சேரவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தொலைக்காட்சித் தொழில் நின்றது. போர் முடிந்து பெட்டிகள் விற்கத் தொடங்கிய காலத்தில், 1947-இல், அவருடைய முதன்மையான காப்புரிமைகள் காலாவதியாயின. உடல்நலம் கெட்டது, மனச்சோர்வும் வாட்டியது. 1949-இல் அவருடைய நிறுவனம் கைமாறியது. 1957-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், வந்திருப்பவரின் இரகசியம் என்ன என்று ஊகிக்கும் போட்டிக்கு அவர் அழைக்கப்பட்டார். தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் எதிரே அமர்ந்திருப்பதை அங்கிருந்த யாராலும் ஊகிக்க முடியவில்லை! அதற்காக அவருக்குக் கிடைத்த பரிசு 80 டாலர்.

தம் கண்டுபிடிப்பு வெறும் பொழுதுபோக்காய்ப் போய்விட்டதே என்று அவர் வருந்தியதுண்டு. 1969-ஆம் ஆண்டு ஜூலையில் மனிதன் நிலவில் காலடி வைத்த காட்சியை வீட்டில் பெம்முடன் அமர்ந்து பார்த்தபோதுதான், பட்ட பாடெல்லாம் பயனுடையதே என்று அவர் மனம் நிறைந்ததாகப் பெம் பின்னாளில் தெரிவித்தார். 1971-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் ஃபைலோ மறைந்தார். கணவரின் புகழ் மங்காதிருக்கப் பெம் 2006-இல் தாம் மறையும் வரை உழைத்தார். யூட்டா மாநிலப் பள்ளிக் குழந்தைகள் விடாது முயன்றதால், 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் யூட்டாவின் சார்பில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

மறுத்த மானிட்டரின் மர்மம்

இனி எங்கள் பழைய மானிட்டருக்கு வருவோம். திரை என்பது உழப்படும் நிலம் என்றால், ஒரு நொடிக்கு எத்தனை சால், ஒரு முறை முழுவதும் உழ எத்தனை சால் என்பதில் அனுப்புபவரும் பெறுபவரும் ஒத்துப்போக வேண்டும். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 525 வரிகள் இருந்தன. நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். இந்தியாவின் பழைய முறையில் 625 வரிகள் இருந்தன. நொடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள். அங்கே நொடிக்கு 15,750 வரிகள், இங்கே 15,625. வரிகளின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் படத்தின் வேகம் வேறு. எனவே அக்காலத்தில் அந்நாட்டுச் சைகையை இந்நாட்டுப் பெட்டிக்குக் கொடுத்திருந்தால் படம் மேலும் கீழுமாய் உருண்டிருக்கும். வண்ணத்தை அனுப்பும் முறையும் வேறாக இருந்ததால் நிறமும் சரியாய் வந்திராது.

1970-களின் இறுதியில் வீட்டுக் கணினிகள் வந்தபோது இந்தச் சிக்கல் வீட்டுக்குள் நுழைந்தது. விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றுள் பல தமக்கெனத் திரை இல்லாமலேயே விற்கப்பட்டன. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் ஆண்டெனா மாட்டும் துளையில் கணினியின் கம்பியைச் செருகினால் போதும். 1982-இல் வந்த கொமொடோர் 64, சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஆகியவை அத்தகையவை. அமெரிக்காவுக்கெனச் செய்த கொமொடோரை அக்காலத்தில் இங்கிருந்த பெட்டியில் மாட்டியிருந்தால் படம் நிலைகொண்டிராது.

நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டு, பள்ளிகளில் கணினி கற்பிக்கும் கிளாஸ் என்னும் திட்டம் தொடங்கியது. முதலில் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணினி வழங்கப்பட்டது. அதில் 0 முதல் 7 வரை எட்டுக் காட்சி முறைகள் இருந்தன. ஒரு முறையில் அகலத்தில் 640 புள்ளிகள், உயரத்தில் 256 வரிகள். ஆனால் இரண்டே நிறங்கள். இன்னொன்றில் எட்டு நிறங்களும் மின்னி மின்னி மாறும் நிறங்களும் உண்டு. அகலத்திலோ 160 புள்ளிகள் மட்டுமே. வாசலில் கோலம் போடும் நமக்கு இது எளிதில் விளங்கும். டப்பாவில் உள்ள பொடி ஓர் அளவுதான். புள்ளியைக் கூட்டினால் நிறத்தைக் குறைக்க வேண்டும். அந்த டப்பாதான் கணினியின் நினைவகம். மொத்தமே 32 கிலோபைட் நினைவகத்தில், இந்த இரு முறைகளும் தனித்தனியே 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். எழுத்துகளுக்கென அமைந்த 7-ஆம் முறைக்கு ஒரு கிலோபைட்டே போதும்.

அகலத்தில் 640 புள்ளிகளைச் சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியால் தெளிவாகக் காட்ட இயலாது. எழுத்துகள் கலங்கித் தெரியும். அதனால்தான் கணினிக்கெனத் தனி மானிட்டர் வேண்டியதாயிற்று. அங்கும் பேதம் புகுந்தது. 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினிக்கு இரு வகைத் திரை அட்டைகள் இருந்தன. ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 18,400 வரிகள் அனுப்பும், மற்றொன்று 15,700. இரண்டின் செருகு முனையும் ஒன்பது ஊசிகளுடன் ஒன்றுபோலவே இருக்கும்! ஒன்றுக்குரிய மானிட்டரை மற்றொன்றில் மாட்டினால் படம் வராது. மானிட்டரே கெட்டுப்போவதும் உண்டு. 1987-இல் வி.ஜி.ஏ. முறை வந்து நொடிக்கு 31,500 வரிகளானபோது பழைய மானிட்டர்கள் பல ஒதுக்கப்பட்டன. நாளடைவில், பல வேகங்களுக்கும் தம்மைப் பொருத்திக்கொள்ளும் மானிட்டர்கள் பெருகின. அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் மானிட்டர் மறுத்தது அந்த எல்லையைக் கடந்த சைகையைத்தான். தன்னால் உழ முடியாத வேகத்தை அது ஏற்காமல் தன்னைக் காத்துக்கொண்டது. ஆசிரியை புள்ளிகளைக் குறைத்ததும் இருவேகமும் ஒத்துப்போயின, படம் வந்தது.

முடிவுரை

இன்றைய தட்டைத் திரைகளில் எலெக்ட்ரான் கற்றை இல்லை. கண்ணாடிக் குழாயும் இல்லை. ஆயினும் படம் இன்னமும் வரி வரியாகவே கணினியிலிருந்து திரைக்குப் போகிறது. உருளைக்கிழங்குக் காட்டில் தோன்றிய அந்த ஒழுங்கு மாறவில்லை.

ஃபைலோவின் வாழ்வில் எங்கள் மனத்தை மிகவும் தொட்டது எது என்று வகுப்பில் பேசிக்கொண்டோம். சிலர் முதற் கோடு தோன்றிய நாளைச் சொன்னார்கள். சிலர் பெம்மின் உழைப்பைச் சொன்னார்கள். ஆனால் பெரும்பாலோர் சொன்னது அந்தக் குறிப்பேட்டுத் தாளை. பதினைந்து வயது மாணவர் ஒருவர் சொன்னதைப் பொருட்படுத்திக் கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். அந்தத் தாள் குப்பைக்குப் போயிருந்தால், பெரிய நிறுவனத்தின் முன் அந்த உழவர் மகன் தனியே நின்றிருப்பார்.

நாங்கள் இவ்வாண்டு இப்பள்ளியின் பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். எங்களில் யார் மேலே படிப்பார், யார் மலைக்கு வேலைக்குப் போவார் என்பது தேர்வு முடிந்த பிறகே தெரியும். எங்கே போனாலும் மனத்தில் ஒரு கேள்வியைச் சுமந்து செல்வோம். எண்ணியதை ஒரு தாளில் எழுதி, தேதி இட்டு வைப்போம். கணினி அறையில் அதற்கென ஒரு கோப்பையும் தொடங்கியிருக்கிறோம். எங்கள் ஆசிரியை அதைத் தம் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். இப்போது அதில் பதினொரு தாள்கள் உள்ளன. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகளே, அதை நீங்கள் நிரப்புங்கள்!